தலையையும் சேர்த்து அளந்தவர்

எஞ்சின் மூடியில் எண்ணெய் கசியாமல் வைக்கிற புது பேக்கிங்கை வாங்கிக்கொண்டு ஊசிக்காரி வீடு திரும்பியபோது மாடிப்படிக்கு அடியில் தரை பளிச்சென்று இருந்தது. பார்த்ததுமே அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

காலையில் அவள் விட்டுப்போனபோது அந்த இடத்தின் லட்சணமே வேறு. வலப்பக்க எஞ்சின் மூடியைக் கழற்றிப் போட்டதில் அவளுடைய மோட்டார் சைக்கிள் குடல் தெரிய நின்றது. சுற்றிலும் எண்ணெய்த் துணிகள், தகர டப்பா, சிதறிக் கிடந்த ஸ்பேனர்கள். சுவரில் சாய்த்து வைத்த ஓர் அட்டை. இப்போது துணிகளைக் காணோம். ஸ்பேனர்கள் காலை வழிபாட்டுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் படுத்திருந்தன. அட்டை இல்லை. அட்டை இருந்த இடத்தில் மூன்று மருந்துக் கவர்கள்.

மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகிதக் கவர்கள்தாம். மேலே காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். கீழே 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்'. அவற்றின் மேல் முத்து முத்தான கையெழுத்தில், '34 மி.மீ. – 4', '40 மி.மீ. – 5', '46 மி.மீ. – 2'.

துண்டில் கையைத் துடைத்தபடி கணவர் வந்து நின்றார். மருந்துக்கடை கவுண்டரில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். தெருவே அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற அவளை ஊசிக்காரி என்று கூப்பிடுகிற அதே தெரு. கம்பவுண்டர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டு, கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கிறவரின் சிரிப்பு.

"பாத்தியா? எல்லா போல்ட்டையும் மண்ணெண்ணெயில ஊற வச்சு, தேய்ச்சு, காய வச்சு, அளந்து பிரிச்சு வச்சுட்டேன். உனக்கு ஒரு மணி நேர வேலை மிச்சம்."

"அட்டை எங்க?"

"எந்த அட்டை?"

"போல்ட்டெல்லாம் குத்தி வச்சிருந்தேனே, அந்த அட்டை."

"ஓ, அந்த எண்ணெய் அட்டையா? குப்பை வண்டி வந்துச்சு..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

அந்த அட்டையில்தான் அவள் உயிரே இருந்தது. நேற்று மூடியைக் கழற்றும்போது, அதன் உருவத்தை அப்படியே அட்டையில் பேனாவால் வரைந்திருந்தாள். பதினோரு துளைகளுக்குப் பதினோரு ஓட்டை. எந்தத் துளையிலிருந்து எந்த போல்ட் வந்ததோ அதை அட்டையில் அதே இடத்தில் குத்தினாள். காரணம் இருந்தது. பதினொன்றும் ஒரே பருமன். தலையும் ஒரே அளவு, ஒரே ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் போதும். நீளம் மட்டும் வேறு. குட்டை போக வேண்டிய துளையில் நெட்டையை விட்டால் அடியில் முட்டும். அப்புறமும் முறுக்கினால் எஞ்சின் உடம்பு விரியும். நெட்டை போக வேண்டிய துளையில் குட்டையை விட்டால் நுனி விரலால் கிளையைப் பிடித்துத் தொங்குகிற கதை.

"ரொம்ப நன்றிங்க. பெரிய உபகாரம் செஞ்சீங்க ஐயா," என்றாள்.

கம்பவுண்டர் ஒரு படி மேலே ஏறி நின்றார். அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'ஏங்க' என்றால் சாதாரண நாள். 'ஐயா' வந்துவிட்டால் கைக்கெட்டுகிற பொருளையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிடுவது நல்லது.

"அழுக்கா இருந்துச்சேன்னு..."

"எஞ்சின்னா அழுக்காத்தான் ஐயா இருக்கும். தொட்டில்ல போட்டுத் தாலாட்டுறதுக்கா வச்சிருக்கேன்?"

"உனக்கு ஒத்தாசையா ஏதாச்சும்..."

"ஏற்கெனவே ஒரு ஒத்தாசை பண்ணுனீங்களே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிகிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரியாமல் வண்டியை மூலைக்கடை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனவர் இவர்தான். அந்த மகானுபாவன் கிழிந்த பழைய பேக்கிங்குக்கே பசையைத் தடவி ஒட்டிக் கொடுத்தான். சொட்டு சொட்டாய்க் கசிந்தது ஒழுக ஆரம்பித்தது. இரண்டு காலைகள் நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி எண்ணெய் ஊற்றினாள். இரண்டு காலைகளும் தாமதம். அவளுடைய ஏரியாவில் பதினேழு வீடு. பதினேழிலும் வெறும் வயிற்றோடு ஆட்கள் காத்திருப்பார்கள். பசித்த மனிதர்கள் புகார் எழுதுவதில் சோம்பல் காட்டுவதில்லை.

ஆய்வுக்கூடத்து மேற்பார்வையாளர் வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமை ஆறு மணிக்கு முதல் வீட்டு வாசல்ல நிக்கணும். இல்லேன்னா அந்த ஏரியாவை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது." அந்த ஏரியாவை அவள் எட்டு வருஷமாகக் கட்டி வளர்த்திருந்தாள். எந்த வீட்டில் எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், எந்த நாய் கடிக்கும், எந்த நாய் சும்மா பேசும் என்பதெல்லாம் அத்துபடி. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. இன்று ஞாயிறு. மணி பன்னிரண்டு.

"தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அட்டை போனாலும் ஒரு காகிதம் மிச்சமிருந்தது. வண்டிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை யாரோ நகல் எடுத்து, அந்த நகலை அவள் நகல் எடுத்தது. மூடியின் படம், ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் போல்ட்டின் நீளம். எட்டுத் துளைகளுக்கு எண் தெரிந்தது. மூன்றை மைக்கறை விழுங்கியிருந்தது. தெரிந்தவற்றில் நான்கு துளைகளுக்கு 34.

கவரில் '34 மி.மீ. – 4'. கச்சிதம்.

எவ்வளவு கோபத்திலும் அந்தக் கையெழுத்தை மட்டும் அவள் சந்தேகிக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த மனிதர் எழுதின ஒரு லேபிள் தப்பாக இருந்ததில்லை. சமையலறையில் உப்பு டப்பாவுக்குக்கூட எழுதி ஒட்டி, பிரித்த தேதியும் போட்டிருப்பார். அவரைத் திட்டுவாள். அவர் லேபிளை நம்புவாள்.

புது பேக்கிங்கை வைத்து, மூடியைப் பொருத்தி, நான்கு போல்ட்டையும் நான்கு துளையிலும் விட்டாள். விரலால் திருகினாள். ஏறின. ஸ்பேனரை எடுத்து எதிரெதிராக இறுக்க ஆரம்பித்தாள்.

"அடுத்தது 28. அந்தக் கவர் எங்க?"

"28னு ஒண்ணும் இல்லியே."

"மூணு துளைக்கு 28னு போட்டிருக்கு ஐயா."

"நான் ரெண்டு தடவை அளந்தேன். 34, 40, 46. அவ்வளவுதான்."

"46னு இந்தக் காகிதத்துல ஒரு துளைகூட இல்ல. 46 எங்கேருந்து வந்துச்சு? உங்க மருந்துக்கடையிலேருந்தா? அட்டையோட சேத்து மூணு போல்ட்டையும் குப்பை வண்டிக்குத் தாரை வாத்துட்டு, எண்ணிக்கைக்கு வேற எதையோ போட்டு வச்சிருக்கீங்க!"

"பதினொண்ணு இருந்துச்சு, பதினொண்ணும் இருக்கு. நான் எதையும்..."

"அப்ப காகிதம் பொய் சொல்லுதா? நான் பொய் சொல்றேனா?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஸ்பேனர் ஒரு கால் சுற்று சுற்றியது. கடைசிக் கேள்வியில் கைக்குள் ஏதோ மெத்தென்று விட்டுக்கொடுத்தது. இறுகிக்கொண்டே வந்த போல்ட், வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. இன்னொரு தடவை திருகினாள். அதுவும் சுற்றியது. பின்பக்கமாகத் திருகினாள். வெளியே வந்த போல்ட்டின் புரிகளில், சுருட்டை முடி மாதிரி, வெள்ளியாய் மினுங்கும் அலுமினியத் துணுக்கு.

துளைக்குள் போல்ட்டைப் பிடிக்கிற மரை போய்விட்டது. எஞ்சினின் உடம்பிலேயே போய்விட்டது.

கம்பவுண்டருக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் மௌனம் தெரியும். "தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

அவள் நான்கு போல்ட்டையும் கழற்றிக் கவரில் போட்டாள். மூன்று கவர்களையும் காகிதத்தையும் பையில் அடைத்துக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டும்போது மட்டும் சொன்னாள்: "நான் வர்ற வரைக்கும் இந்த வீட்டுல எதையும் சுத்தம் பண்ணக் கூடாது. உங்க மூஞ்சியைக்கூடக் கழுவக் கூடாது."

போல்ட் கடை ஞாயிற்றுக்கிழமையில் அரைக் கதவு. உள்ளே தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் காதில் பென்சிலோடு குனிந்து அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் கூட வரலியாம்மா?"

"ஆம்பளை செஞ்சு வச்ச வேலையைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன்."

கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பவும் காதிலேயே வைத்துக்கொண்டார். அவள் கவர்களை மேசையில் பரப்பினாள். அவர் மேலே இருந்த எழுத்தைப் படித்தார். "காலை, மதியம், இரவு... என்னம்மா, வண்டிக்குச் சுகமில்லையா?"

"எனக்குச் சிரிக்கிற நேரம் இல்லீங்க. இந்தக் காகிதத்துல 28, 34, 40. கவர்ல 34, 40, 46. எது என் வண்டியோடதுன்னு சொல்லுங்க."

அவர் ஒரு போல்ட்டை எடுத்தார். இரும்பு ஸ்கேலில் வைத்தார். தலையை ஸ்கேலுக்கு வெளியே தள்ளி, தலைக்குக் கீழிருந்து நுனி வரை பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு மேசையைத் தட்டிக்கொண்டு, அரைக் கதவு அதிரச் சிரித்தார்.

"எல்லாமே உங்க வண்டியோடதுதாம்மா. அளந்தவர் தலையையும் சேத்து அளந்திருக்காரு. போல்ட்டுன்னா தலைக்குக் கீழதான் கணக்கு. ஆளோட உயரம் கேட்டா தொப்பியையும் சேத்தா சொல்வோம்? தலை ஆறு மில்லி. எல்லாத்துலயும் ஆறைக் கழிங்க."

அவள் கழித்தாள். 28, 34, 40. நான்கு, ஐந்து, இரண்டு. ஒன்றும் தொலையவில்லை. ஒன்றும் மாறவில்லை. 34 என்று நம்பி அவள் விட்டதெல்லாம் 28. ஆறு மில்லி குட்டை. நுனி விரலால் கிளையைப் பிடித்துத் தொங்கியவனை அவள் ஸ்பேனர் போட்டு இழுத்திருக்கிறாள்.

"ஒரு துளையில மரை போயிடுச்சு," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கடைக்காரரின் சிரிப்பும் இறங்கியது. "குட்டையை விட்டு இழுத்தீங்களா? அப்ப மேல் மரைதான் போயிருக்கும். அடியில ஆறு மில்லி கன்னி கழியாம இருக்கும். சரியான நீளத்துல விட்டா அங்க போய்ப் பிடிக்கும். ஆனா ஒரே சான்ஸ்தான். அதையும் இழுத்து விட்டுட்டீங்கன்னா லேத்துப் பட்டறைக்குத்தான் தூக்கிட்டுப் போகணும். லேத்துக்காரர் ஊருக்குப் போயிருக்காரு. செவ்வாக்கிழமைதான் வருவாரு."

செவ்வாய்க்கிழமை அந்தப் பதினேழு வீடுகளில் வேறு யாரோ ஊசி குத்திக்கொண்டிருப்பார்கள். எந்த நாய் கடிக்கும் என்று தெரியாத யாரோ.

எதற்கும் கையிருப்பாக ஒரு புது 34 வாங்கிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் கணவருக்கு ஒரு சொற்பொழிவு தயாரித்தாள். தலையையும் சேர்த்து அளக்கிற புத்திசாலித்தனத்தில் ஆரம்பித்து, அவருடைய அக்கா வரை போய், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த நாளில் முடிவதாகத் திட்டம். இரண்டாவது திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. அவளுடைய கருவிப் பெட்டியின் மேல் தட்டிலேயே ஸ்கேல் இருந்தது. ஒன்றை எடுத்து அளக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அளக்கவில்லை. அவர் அளந்தது தப்பு. சரி. முறுக்கியது யார்? ஒரு கேள்விக்குக் கால் சுற்று என்று கணக்கு வைத்து இழுத்தது யார் கை? குழந்தையின் கையில் நரம்பு தேடும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிற கை அது. அந்தக் கையின் வேகத்தை அலுமினியத்தின் மேல் காட்டியிருக்கிறாள், மகராசி.

இது அவளுடைய கோபத்தைக் குறைக்கவில்லை. பங்கு போட இன்னோர் ஆள் கிடைத்ததில் அது இன்னும் வளர்ந்தது.

வீட்டில் கம்பவுண்டர் முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் கறை. முட்டியில் வாழைப்பழத் தோல். முன்னால் ஓர் அட்டை.

"குப்பை வண்டி கொட்டுற தெருமுனைத் தொட்டிக்குப் போய்த் தேடி எடுத்துட்டேன்!" என்றார்.

அவள் திருப்பிப் பார்த்தாள். ஒரு துணி துவைக்கும் மெஷினின் படம். 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி.

"இது வேற யார் வீட்டு அட்டையோ."

அவர் அட்டையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். "எண்ணெய் இருந்துச்சு..." என்றார் மெல்ல.

சொற்பொழிவை ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் அமையாது. அவள் வாயைத் திறந்தாள். அந்த வாழைப்பழத் தோலைப் பார்த்தாள். தொட்டிக்குள் இடுப்பளவு குனிந்து, லேபிள் எழுதுகிற அந்தக் கையால் துழாவியிருக்கிறார் மனிதர்.

"தலையைச் சேக்காம அளக்கணும்," என்று மட்டும் சொன்னாள். "எல்லாத்துலயும் ஆறு கூட."

கம்பவுண்டரின் முகம் வெளுத்தது. தொட்டிக்குள் இறங்கியபோதுகூட அப்படி வெளுத்திருக்காது. "லேபிள் தப்பா?" என்று கேட்டார். யாரோ செத்துப்போன செய்தி கேட்கிற தொனியில்.

"தப்பு. ரொம்பத் தப்பு. எட்டு துளைக்குக் கணக்கு வந்துடுச்சு. இன்னும் மூணு துளைக்கு நம்பர் தெரியல. கையைக் கழுவிட்டு வாங்க."

"கழுவலாமா?"

"கழுவித் தொலைங்க!"

மூன்று துளைக்கு ஒரு வழி இருந்தது. போல்ட்டை முறுக்காமல் துளையில் சும்மா நுழைத்தால், மரை தொடங்குகிற இடத்தில் போய் நிற்கும். நீளம் சரியென்றால் எல்லாத் தலைகளும் மூடிக்கு வெளியே ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கும். எது மற்றவற்றைவிட வெளியே நிற்கிறதோ அது நெட்டை. எது உள்ளே போயிருக்கிறதோ அது குட்டை. கண்டுபிடிக்க ஸ்கேல் வேண்டாம். நல்ல கண் வேண்டும்.

"அளவு மூடியில இருமல் மருந்து ஊத்துறப்ப கோட்டுக்கு நேரா குனிஞ்சு பாப்பீங்கள்ல? அப்படிப் பாருங்க."

அவர் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "அடியில இருக்கறது ரெண்டு நூல் தூக்கலா இருக்கு." மாற்றினாள். "இப்ப சரி. மேல வலது மூலை, இறக்கம்." மாற்றினாள். "இப்ப எல்லாம் ஒரே கோடு." அவர் குரலில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மனிதர் திரும்பியிருந்தார்.

அவள் எழுந்து பார்த்தாள். பதினோரு தலைகளும் ஒரே உயரம். அட்டையில்கூட இவ்வளவு அழகாக இல்லை. அதை நினைத்ததும் எரிச்சலாக வந்தது.

பத்தை இறுக்கி முடித்தாள். மரை போன துளை மட்டும் மிச்சம். அதற்குரிய 34ஐ விரலால் திருகினாள். மேலே சொதசொதவென்று சுற்றியது. ஆழத்தில் மெல்லப் பிடித்தது. இனி ஸ்பேனர். ஸ்பேனரை எடுத்தாள். காலையிலிருந்து ஏறினது அத்தனையும் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள். "நீங்க முறுக்குங்க."

"நானா? எனக்கு மாத்திரை பாட்டில் மூடியைத் தவிர..."

"அதே மாதிரிதான். குழந்தை மருந்து பாட்டிலை மூடுவீங்களே, கசியவும் கூடாது, அவங்க அம்மாவால திறக்கவும் முடியணும்னு. அந்த அளவு. என் கையில இப்ப கோவம் இருக்கு. நான் தொட்டா போயிடும்."

கம்பவுண்டர் மண்டியிட்டார். இரண்டு விரலால் ஸ்பேனரின் வாலைப் பிடித்தார். கால் சுற்று. மூச்சு விட்டார். இன்னும் ஒரு நூல். நிறுத்தினார். "இதுக்கு மேல அது வேணாங்குது," என்றார்.

அவள் எண்ணெய் ஊற்றினாள். உதைத்தாள். வண்டி உறுமியது. கால் மணி நேரம் ஓட விட்டு, அணைத்து, அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துவிட்டு மாடிக்குப் போனாள். சாப்பிடும்போதும் அவரோடு பேசவில்லை. உப்பு வேண்டியிருந்தபோது லேபிளைப் பார்த்துத் தானே எடுத்துக்கொண்டாள்.

விடியற்காலை ஐந்தேகாலுக்கு இறங்கி வந்தாள். தாளின் நடுவில், நாணயம் அளவுக்கு, பழுப்பாய் ஒரு கறை.

அவளுக்குக் கொதித்தது. மண்டியிட்டாள். பதினோரு தலைகளையும் விரலால் தடவினாள். ஈரம் இல்லை. விளிம்பைச் சுற்றித் தடவினாள். காய்ந்திருந்தது. தாளை எடுத்து முகர்ந்தாள்.

டீ.

விடியும் முன்னே எழுந்து, டம்ளரோடு இருட்டில் குனிந்து, கசிகிறதா என்று பார்த்திருக்கிறார்.

"டீயைக் கொட்டினா தாளை மாத்தணும்னு தெரியாதா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். "எனக்கு உயிரே போயிடுச்சு!"

மேலேயிருந்து, தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்த குரல் கேட்டது: "எண்ணெய் இல்லல்ல?"

"பேசாதீங்க! நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்!"

முதல் வீடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு. வாசலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஐந்து ஐம்பத்தெட்டு. புகார் எழுத ஒன்றும் கிடைக்காத ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஊசியை எடுக்கப் பையைத் திறந்தாள். பஞ்சுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு மருந்துக் கவர் இருந்தது. உள்ளே நேற்று அவள் வாங்கின புது போல்ட். மேலே முத்து முத்தான எழுத்தில்: '34 மி.மீ. (தலை நீங்கலாக) – 1'. காலைக் கட்டத்தில் ஒரு கோடு. 'உணவுக்கு முன்' என்பதில் ஒரு டிக்.

"என்னம்மா, சிரிக்கறீங்க?" என்றார் தலைமையாசிரியர். பசி அவர் குரலில் பிரம்போடு நின்றது.

"சிரிக்கல சார். கோவத்துல இருக்கேன்," என்றாள். "கையை நீட்டுங்க."